இருபது நிமிட அறை

இராமேஸ்வரம்
24 நவம்பர் 2025

செல்விக்கு,

நலம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. உன் வீட்டுக்காரனிடம் நான்கு வார்த்தை சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தேன். காய்கறி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிடுகிறான். "அக்கா, நீ சொல்றத அவகிட்டச் சொன்னா அவ என்னையத் திட்டுறா. அவ சொல்றத ஒங்கிட்டச் சொன்னா நீ திட்டுற. எதுவானாலும் எழுதிக் குடு, கொண்டுபோய்ச் சேத்துர்றேன்" என்கிறான். என் கூடப் பிறந்த பிரபு பேசுகிற பேச்சு இது! உன் நம்பரை பிளாக் செய்தது நான்தான். அதனால் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை ரிசப்ஷனில் கூட்டம் அலைமோதுகிறது. காசி யாத்திரைக்காரர்கள் சாவிக்குக் காத்து நிற்கிறார்கள். நீ ஒரு கூட்டம் பெண்களோடு உள்ளே வந்து, என் மேஜையைத் தாண்டி, நேரே முதலாளி அறைக்குப் போய் மனுக் கொடுக்கிறாய். வெண்சங்கு லாட்ஜுக்கு மேனேஜர் என்று ஒருத்தி இருக்கிறாள், அவள் உன் புருஷனின் அக்கா என்பது உனக்கு மறந்துபோயிற்றா? நீங்கள் போன பிறகு உக்கிரபாண்டி முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா ஜெயப்பிரியா, முன்னால நின்னது ஒன் தம்பி பொண்டாட்டில்ல?" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றேன்.

மழை பொய்த்து மிளகாய்க் கொல்லை கருகிய வருஷம் உன்னை இங்கே அழைத்து வந்து, துடைப்பம் பிடிக்கிற முறையிலிருந்து சொல்லிக் கொடுத்தவள் நான். இப்போது ஒரு அறையைச் சுத்தம் செய்ய இருபது நிமிடம் போதாது என்று மனு. அதையும் எங்களிடம் கொடுத்து என்ன ஆகும்? நீங்கள் எங்கள் ஆட்களே இல்லை. ஏஜென்சி வினோத்குமாரின் ஆட்கள். கேட்பதை அவரிடம் கேளுங்கள்.

நன்றி என்று ஒரு சொல் தமிழில் இருக்கிறது. அதை நினைவுபடுத்தவே இந்தக் கடிதம்.

ஜெயப்பிரியா


உத்தரகோசமங்கை
27 நவம்பர் 2025

மதினிக்கு,

உங்கள் கடிதத்தை அவர் என் கையில் கொடுத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனவர், சோறு ஆறுகிற வரைக்கும் திரும்பவில்லை. நானும் உங்கள் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியட்டும்.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது என் மதினி என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்கிறவள் நான். உங்கள் மேஜையைத் தாண்டிப் போனது உங்களை மதிக்காமல் அல்ல. மனுவை உங்கள் கையில் கொடுத்தால் "சொந்தக்காரி கொடுத்தாள், நீ வாங்கினாய்" என்று பழி உங்கள் மேல் விழும். அதை நினைத்துத்தான் உங்கள் முகத்தைப் பார்க்காமல் போனேன். பார்த்திருந்தால் கால் நின்றிருக்கும்.

ஏஜென்சியிடம் கேளுங்கள் என்கிறீர்கள். கேட்டோம். வினோத்குமார் தம்பி சொன்னது: "நான் என்னக்கா பண்றது, லாட்ஜ்ல குடுக்கிறதத்தான் ஒங்களுக்குக் குடுக்கிறேன். நேரத்த முடிவு பண்றது போன்ல இருக்கிற ஆப்பு." அந்த ஆப்பிடம் கேட்கலாம் என்றால் அதற்கு வாய் இல்லை. காலையில் போனைத் திறந்தால் அறை எண் வருகிறது, இருபது நிமிடம் ஓடுகிறது. தாண்டினால் சிவப்பு. சிவப்பு கூடினால் மறுநாள் வேலை குறைகிறது. முன்பு சூப்பர்வைசர் திட்டினால் நாங்களும் நாலு வார்த்தை சொல்லலாம். இதனிடம் என்னத்தைச் சொல்ல?

நாங்கள் சங்கம் வைக்க நினைத்துச் சேர்ந்தவர்கள் இல்லை. எங்கள் ஊரிலிருந்தும் உச்சிப்புளியிலிருந்தும் முதல் பஸ்ஸில் வருகிற பெண்கள், "பஸ் வந்துருச்சா? எங்கன நிக்குது?" என்று கேட்டுக்கொள்ள ஒரு வாட்ஸப் குரூப் வைத்திருந்தோம். ஒருநாள் பூங்கோதை அதில் அழுதுகொண்டே பேசிப் போட்டாள். மூட்டு வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வேலை செய்தும் ஐந்து அறை சிவப்பாம். அன்று ராத்திரிக்குள் ஆளாளுக்குப் பேசிப் போட்டார்கள். கேட்டுப் பார்த்தால் பதினான்கு லாட்ஜிலும் ஒரே கதை. ஆட்டோ சங்கத்து மீரா சாகிபு அண்ணன் அவர்கள் ஆபீஸைக் கூட்டத்துக்குத் தந்தார். சங்கமாகப் பதிவும் செய்தாயிற்று.

மனுக் கொடுத்த மறுநாளிலிருந்து என் போனில் "இன்று பணி இல்லை" என்றுதான் வருகிறது. கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவும் உங்களுக்குத் தெரியட்டும்.

மாரிச்செல்வி


இராமேஸ்வரம்
3 டிசம்பர் 2025

செல்விக்கு,

உன் பெயரை நான் நிறுத்தச் சொல்லவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். கடிதம் கிடைத்த அன்றே வினோத்குமாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அது தன்னால நடக்குதுங்க மேடம்" என்றான். தன்னால நடப்பதற்கு அது என்ன அலையா, காற்றா? என் எதிரிலேயே உன் பெயரைத் திரும்ப ஏற்ற வைத்தேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. நீ இல்லாமல் மூன்றாம் மாடி நாறுகிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். சங்கம் என்றால் எனக்கும் தெரியும். என் மாமனார் ரயில்வேயில் இருந்தவர். அவர்களுக்கு ஒரு கொடி, ஒரு கேட், கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முதலாளி. உங்களுக்கு எது கேட்? யார் முதலாளி? பதினான்கு லாட்ஜ், பதினான்கு வகை. ஏசி அறையும் தர்ம சத்திரம் மாதிரியான அறையும் ஒன்றாகுமா? லாட்ஜ் உரிமையாளர்கள் கூடிப் பேசினார்கள். ஒவ்வொருவரும் தங்கள் லாட்ஜில் வேலை செய்கிறவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது என்று முடிவு. அதையும் மீறிப் பொதுவில் பேச வேண்டி வந்தால் அவர்கள் தரப்பில் நான் பேச வேண்டுமாம். "பொம்பளைககிட்டப் பொம்பளை பேசுனாத்தான் சரி" என்கிறார் முதலாளி. எனக்கு இது பெருமையா தண்டனையா என்று தெரியவில்லை.

இருபது நிமிடம் போதாது என்பதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் அறை கூட்டித்தான் மேனேஜர் ஆனவள். இன்றைக்கும் என்னால் முடியும்.

ஜெயப்பிரியா

பி.கு.: களை எடுத்தால் வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொள். உனக்கு ஒற்றைத் தலைவலி வரும்.


உத்தரகோசமங்கை
9 டிசம்பர் 2025

மதினிக்கு,

பெயர் வந்துவிட்டது. மூன்றாம் மாடி மணக்கிறதா?

தனித்தனியாகக் கூப்பிட்ட கதையைக் கேளுங்கள். இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பாணி அடங்கவில்லை. ஒரு லாட்ஜ் முதலாளி பூங்கோதையை ஏசி அறையில் உட்கார வைத்து, ஒரு டப்பா அல்வா கொடுத்து, "ஒனக்கு மட்டும் நேரத்தக் கூட்டித் தாரேன்" என்றாராம். பூங்கோதை அல்வாவை வாங்கிக்கொண்டாள். வெளியே வந்து அதைப் படம் எடுத்து குரூப்பில் போட்டாள். "எனக்கு மட்டும் குடுத்தாக. எனக்கு மட்டும் எறங்க மாட்டேங்குது. எல்லாரும் பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க" என்று பேசியும் போட்டாள். பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கு ஒரு விரல் அல்வா. அப்புறம் யாரை எந்த லாட்ஜில் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்: "எல்லாரையும் சேத்துக் கூப்புடுங்க, வாரோம்."

கேட் எங்கே என்று கேட்டீர்கள். எங்களுக்கும் முதலில் அதுதான் மலைப்பாக இருந்தது. லாட்ஜில் கேட்டால் ஏஜென்சி, ஏஜென்சியில் கேட்டால் ஆப். அதனால்தான் மூன்று பேரையும் ஒரே மேஜையில் உட்கார வை என்று கேட்கிறோம். உங்கள் மாமனார் காலத்தில் முதலாளி ஒரு இடத்தில் இருந்தார், தொழிலாளி தேடிப் போனார். எங்களுக்கு முதலாளியைத் தேடிச் சேர்த்து உட்கார வைப்பதே பாதி வேலையாக இருக்கிறது.

இராமநாதபுரத்தில் தொழிலாளர் துறை அதிகாரியம்மா பதினேழாம் தேதி எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறார். நீங்கள் அந்தப் பக்கம் உட்காருவீர்கள், நான் இந்தப் பக்கம். அதற்குப் பயந்து மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

இருபது நிமிடத்தில் உங்களால் முடியும் என்றால் ஒருநாள் செய்து காட்டுங்கள் மதினி. மெட்ராஸிலிருந்து வந்து ஒரு ராத்திரி தூங்கிவிட்டுப் போனவர் அறை இல்லை. இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு வந்த குடும்பம் தங்கிய அறை.

மாரிச்செல்வி


இராமேஸ்வரம்
18 டிசம்பர் 2025

செல்விக்கு,

நேற்று நீ பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. நன்றாகப் பேசினாய், அதுதான் பிடிக்கவில்லை.

அந்தக் காட்சி என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. முதலாளி எடுத்த எடுப்பில், "ஒங்க தலைவரு யாரு? அவரு வரட்டும், பேசுவோம்" என்கிறார். ஐந்து பெண்கள் ஒரே நேரத்தில் "நாங்கதான்" என்கிறீர்கள். அவர் கதவைப் பார்க்கிறார், யாராவது வெள்ளை வேட்டி கட்டிய ஆள் வருவார் என்று. யாரும் வரவில்லை. கடைசியில் பூங்கோதை எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, "இனிமே யாரும் வர மாட்டாக, பேசுங்க" என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டேன். நீ பார்த்தாய்.

அப்புறம் அதிகாரியம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்த இருபது நிமிஷத்த யார் முடிவு பண்ணது?" முதலாளி வினோத்குமாரைப் பார்த்தார். வினோத்குமார் போனைப் பார்த்தான். நான் மேஜையைப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. பெங்களூரில் எவனோ ஒரு பையன், கடலையே பார்க்காதவன், ஏதோ ஒரு எண்ணைப் போட்டிருக்கிறான். அதை வைத்துக்கொண்டு நீயும் நானும் முகம் பார்க்காமல் இருக்கிறோம். எனக்கு அப்போதுதான் முதல்முறை சுருக்கென்றது.

சோதனை வைப்பது என்று ஆயிற்று. அரைப் பரீட்சை லீவுக் கூட்டத்தில், ஒரே நாளில், தொழிலாளர் தரப்பில் ஒருவர், உரிமையாளர் தரப்பில் ஒருவர். உரிமையாளர் தரப்பில் யார் என்று கேட்டதும் எல்லா முதலாளிகளும் என்னைப் பார்த்தார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். செய்து காட்டுகிறேன், பார்.

மத்தியானம் நீ சாப்பிடாமல் வராண்டாவில் நின்றதைப் பார்த்தேன். பூங்கோதை கொடுத்த தயிர்ச்சாதப் பொட்டலம் அவள் வாங்கியது இல்லை.

ஜெயப்பிரியா


உத்தரகோசமங்கை
21 டிசம்பர் 2025

மதினிக்கு,

எனக்குப் பிடித்த எலுமிச்சை ஊறுகாய் ஓரத்தில் இருந்ததைப் பார்த்ததுமே யார் வாங்கியது என்று தெரிந்துவிட்டது. சாப்பிட்டேன். வயிறு நிறைந்தது.

எங்கள் தரப்பில் சோதனைக்கு நான்தான். குரூப்பில் ஓட்டெடுப்பு நடந்தது. எனக்கே நான் ஓட்டுப் போட்டுக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

இடுப்பில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். குனியும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள். எதிரணிக்கு இவ்வளவுதான் சொல்லலாம்.

மாரிச்செல்வி


இராமேஸ்வரம்
28 டிசம்பர் 2025

செல்வி,

நீ எதிர்த்த லாட்ஜில் இருந்ததால் இங்கே நடந்ததை முழுதாகப் பார்த்திருக்க மாட்டாய். ஊரெல்லாம் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். நானே எழுதிவிடுகிறேன்.

முதல் அறையை நான் ஜெயித்தேன். அதை முதலில் குறித்துக்கொள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், போர்வையைக்கூட மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார், மகராசன். நேரம் மீதி இருக்க முடித்து, போனில் பச்சை விளக்கு எரிந்ததும் ஜன்னலைத் திறந்து உன் பக்கம் கையசைத்தேன். நீ பார்க்கவில்லை.

இரண்டாவது அறை. வடக்கே எங்கிருந்தோ வந்த ஒன்பது பேர் தங்கியது. கதவைத் திறந்ததும் கடலே உள்ளே வந்து படுத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. ஃபேனில் ஈரப் புடவை, கட்டிலில் மணல், குளியலறைக் குழாயை அடைத்துக்கொண்டு துளசியும் பூவும். இதெல்லாம் பரவாயில்லை. பால்கனி ஓரம் தரையில் ஒரு முழ உயரத்துக்கு மணலில் லிங்கம் பிடித்து வைத்திருக்கிறார்கள்! வில்வம், குங்குமம், எரிந்து முடிந்த சூடம். பூஜை செய்திருக்கிறார்கள், அப்படியே விட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டார்கள்.

நான் துடைப்பத்தோடு நிற்கிறேன். பின்னால் கடிகாரத்தோடு அதிகாரியம்மாவின் உதவியாளர் நிற்கிறார். "கூட்டுங்க மேடம், நேரம் ஓடுது" என்கிறார். "சாமியையா கூட்டச் சொல்றீக?" என்று கேட்டேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

புது பக்கெட் ஒன்று வாங்கி வரச் சொன்னேன். புதுத் துண்டு விரித்து, கையால் எடுத்து வைத்து, இடுப்பில் ஏந்திக்கொண்டு இறங்கினேன். கடலில் சேர்ப்பதுதானே முறை. நேரத்தை நிறுத்த அனுமதி இல்லை என்று அந்த உதவியாளரும் கடிகாரத்தோடு பின்னாலேயே வந்தார். வாட்ச்மேன் மூக்கையா எதற்கென்றே தெரியாமல் குடை பிடித்தார். சன்னதித் தெருவில் கண்டவர்கள் எல்லாம் கும்பிட்டார்கள். ஒரு அம்மா பூப் போட்டாள். ஒருவர் சங்கு ஊதிக்கொண்டே சேர்ந்துகொண்டார். அக்னி தீர்த்தக் கரைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே நிற்கிறது.

திரும்பி வந்து போனைப் பார்த்தேன். இரண்டாவது அறை சிவப்பு. அடுத்த மூன்று அறையும் சிவப்பு. கீழே ஒரு வரி: "உங்கள் செயல்திறன் குறைவாக உள்ளது." என்னைப் பார்த்து! இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருப்பவளைப் பார்த்து! ஈர மெத்தையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது அது சிரிப்பாக இல்லை.

நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு அதிகாரியம்மாவிடம் கொடுத்துவிட்டேன். முதலாளி என்னிடம் இன்னும் பேசவில்லை.

ஜெயப்பிரியா


உத்தரகோசமங்கை
4 ஜனவரி 2026

மதினிக்கு,

முந்தாநாள் ஆருத்ரா விழாவுக்கு நீங்கள் வந்திருந்தீர்கள். வருஷத்துக்கு ஒருநாள் சந்தனம் களைந்த நடராஜரைப் பார்க்கிற வரிசையில் உங்களுக்கும் எனக்கும் இடையில் ஒரு மூங்கில் கட்டைதான். நீங்கள் சிரித்தீர்களா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினீர்களா? சிரித்ததாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

உங்கள் ஊர்வலக் கதையை பஸ்ஸில் உரக்கப் படித்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கோபித்துக்கொள்ளாதீர்கள். சோதனையில் எனக்கும் சிவப்புதான் அதிகம்.

ஆனால் நல்ல செய்தி இல்லை. சோதனையை ஏற்க மாட்டோம் என்று உரிமையாளர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "எங்கள் தரப்பில் வந்தவர் சரியாகச் செய்யவில்லை" என்பது காரணம். அதைப் படித்தபோது எங்கள் தரப்பைச் சொன்னால் வருவதைவிட அதிகமாக எனக்குக் கோபம் வந்தது. இன்னொன்றும் உங்கள் தம்பி சொல்லித் தெரிந்தது. உங்களை ராத்திரி ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்களாமே? உண்மையை எழுதிக் கொடுத்ததற்கா?

நாங்கள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டோம். தை அமாவாசையை ஒட்டி நடவடிக்கை. என்ன நடவடிக்கை என்று இப்போது எழுத முடியாது. நீங்கள் அந்தப் பக்கம்.

மாரிச்செல்வி


இராமேஸ்வரம்
8 ஜனவரி 2026

செல்விக்கு,

ஆமாம், ராத்திரி ஷிப்டு. மேஜையில் இருந்த என் பெயர்ப் பலகையை எடுத்து டிராயரில் வைத்திருக்கிறார்கள். யாரிடம் கேட்பது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு மேலே முதலாளி, அவரிடம் அவரைப் பற்றியா முறையிடுவது? எனக்குக் குரூப்பும் இல்லை, சங்கமும் இல்லை. அது கிடக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முதலாளிக்காக இல்லை. தை அமாவாசைக்கு வருகிறவர்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தர்ப்பணம் கொடுக்க எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள். புதுப் பாலத்தில் ரயில் ஓட ஆரம்பித்த பிறகு இந்த வருஷம் கூட்டம் இன்னும் அதிகம். அவர்கள் ஈரத் துணியோடு வராண்டாவில் நிற்கக் கூடாது. நீங்கள் வேலையை நிறுத்தினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் என் மனம் உங்கள் பக்கம் வராது. யோசித்துச் செய்.

ஜெயப்பிரியா


உத்தரகோசமங்கை
9 ஜனவரி 2026

மதினி,

இதையே எங்கள் கூட்டத்திலும் பேசினோம். நான்கு மணி நேரம். பூங்கோதையின் அய்யா போன வருஷம்தான் தவறினார். அவளே அன்றைக்குத் தர்ப்பணம் கொடுக்க வேண்டியவள்.

நாளைக் காலை எங்கள் ஒத்திகை. ஷிப்டு முடிந்ததும் தூங்கப் போய்விடாதீர்கள். முதலில் உங்கள் கம்ப்யூட்டரைப் பாருங்கள். பிறகு மாடியேறிப் பாருங்கள்.

செல்வி


இராமேஸ்வரம்
14 ஜனவரி 2026, போகி

என் அன்புள்ள செல்விக்கு,

பார்த்தேன். கம்ப்யூட்டரைப் பார்த்தால் வெண்சங்கின் எல்லா அறையும் சிவப்பு. "சுத்தம் செய்யப்படவில்லை." மற்ற லாட்ஜ்களுக்குப் போன் போட்டேன், அங்கேயும் அதே. ஆன்லைனில் புக்கிங் தன்னால் நின்றுவிட்டது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "வேல செய்யாமப் போயிட்டாளுகளா?" என்று கத்தினார். மாடிக்கு அழைத்துப் போய் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினேன். கட்டிலில் சுருக்கம் இல்லை, தரை பளபளக்கிறது, சாம்பிராணி வாசம். எல்லா அறையும் முடிந்திருக்கிறது. யாரும் ஆப்பைத் தொடவில்லை, அவ்வளவுதான். வந்த யாத்திரைக்காரர்களுக்கு நான் பழைய நோட்டில் பெயர் எழுதிச் சாவி கொடுத்தேன். ஒருவரும் வராண்டாவில் நிற்கவில்லை.

முதலாளி ஒரு அறையின் நடுவில் நின்று கட்டில் விரிப்பைத் தடவிப் பார்த்தார். "ரூமு சுத்தமா இருக்கு. மிசினு இல்லேங்குது. நான் எத நம்புறது?" என்று கேட்டார். "மொதலாளி, நீங்கதான் பாக்குறீகளே" என்றேன். அன்று மாலையே வினோத்குமார் அவர் காலடியில் வந்து உட்கார்ந்துவிட்டான். ஆப் கணக்குப்படிதான் அவனுக்கும் வருமானமாம். "அமாவாசைக்கும் இப்படி ஆனா நான் தொலஞ்சேன், பேசி முடிங்க" என்று கெஞ்சினான்.

நேற்றுக் கையெழுத்தானது உனக்கே தெரியும். நான் எழுத வந்தது வேறு. முதலாளி கண்ணாடியை மறந்துவிட்டு வந்ததால் ஒப்பந்தத்தை என்னை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். அறைக்கான நேரத்தை இரு தரப்பும் சேர்ந்த குழு முடிவு செய்யும். விசேஷ நாட்களில் சிவப்பு கிடையாது. பதினான்கு லாட்ஜுக்கும் ஒரே ஒப்பந்தம். ஏஜென்சியும் கட்டுப்பட்டது. நான் செய்தி வாசிக்கிற மாதிரி வாசித்துக்கொண்டே போகிறேன். கடைசி ஷரத்துக்கு வருகிறேன். "சோதனையில் பங்கெடுத்த இரு தரப்பினரில் எவர் மீதும் எந்த நடவடிக்கையும் கூடாது. எடுக்கப்பட்டிருப்பின் திரும்பப் பெறப்பட வேண்டும்."

இரு தரப்பினர். அந்த இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டேன். தண்ணீர் குடிப்பது போல நடித்தேன்.

முதலாளி உன்னைப் பார்த்து, "இது என் ஆளு. இவளுக்கு நீங்க எதுக்குக் கேக்குறீக?" என்றார். நீ சொன்னாய்: "சோதனைக்கு வந்து உண்மைய எழுதிக் குடுத்தாகல்ல மொதலாளி, அதுக்குத்தான்." முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என் மக கல்யாணத்துக்குக்கூடப் பதினாலு லாட்ஜ்காரனும் ஒண்ணா ஒக்காந்ததில்ல. நீங்க ஒக்கார வச்சிட்டீக" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான் இன்று காலை ஷிப்டில் இருக்கிறேன்.

நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் போனில் பேசக் கூச்சமாக இருக்கிறது. நாளைப் பொங்கல் சீரைத் தம்பி தனியாகத் தூக்கிக்கொண்டு வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவேன். நீ வர வேண்டும்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். நேரில் கேட்க வாய் வராது. இந்த ஊர் லாட்ஜ்களில் ரிசப்ஷனில் நிற்கிறவர்கள், பில் போடுகிறவர்கள், என்னைப் போல மேனேஜர் என்று பலகை மட்டும் வைத்துக்கொண்டு இருக்கிறவர்கள் நிறையப் பேர். எங்களுக்கு வார லீவு கிடையாது, ஷிப்டு எப்போது மாறும் என்று தெரியாது. உங்கள் சங்கத்தில் எங்களைச் சேர்ப்பீர்களா?

உன் மதினி
ஜெயப்பிரியா


உத்தரகோசமங்கை
27 ஜனவரி 2026

அன்புள்ள மதினிக்கு,

பொங்கலன்று உங்கள் வீட்டு அடுப்படியில் இரண்டு பேரும் கரும்பு கடித்துக்கொண்டு ஊர்க்கதை எல்லாம் பேசினோம், இதை மட்டும் பேசவில்லை. நீங்கள் எழுத்தில் கேட்டதால் பதிலும் எழுத்தில்தான் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தில் வைக்காமல் நானாகச் சொல்லவும் முடியாது.

அமாவாசை முடிந்து கால்வலி தீர்ந்ததும் கூட்டம் போட்டோம். உங்கள் கடிதத்தை வைத்தேன். பெரிய சண்டை. பூங்கோதை எழுந்து, "மதினி நல்லவகதான். இல்லேங்கல. ஆனா நாளைக்கு எனக்குச் சிவப்பு போட்டது சரியான்னு கேக்கணும்னா அவககிட்டத்தான கேக்கணும்? கேக்குறவளும் சொல்றவளும் ஒரே பாயில ஒக்காந்தா எப்பிடி?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவள் சொல்வது சரி. ஓட்டெடுத்தோம். நானும் அவள் பக்கமே கை தூக்கினேன். உங்களை எங்கள் சங்கத்தில் சேர்க்க முடியாது.

இதைப் படித்து உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அடுத்த வரியையும் படியுங்கள். உங்களுக்கென்று தனிச் சங்கம் வேண்டும், அதைத் தொடங்க எங்கள் சங்கம் கூட நிற்கும் என்று மறு தீர்மானம் போட்டோம். இதற்கு எல்லாக் கையும் உயர்ந்தது. பூங்கோதை இரண்டு கையையும் தூக்கினாள், செல்லாது என்று இறக்க வைத்தோம். மீரா சாகிபு அண்ணன் அதே இடத்தைத் தருகிறார். தனியாகச் சங்கம், தேவைப்படும் போது ஒரே மேஜை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் முதல் கூட்டம். அன்றைக்கு ரிசப்ஷனில் யார் நிற்பது என்று கவலைப்பட வேண்டாம், உக்கிரபாண்டி முதலாளியிடமே போய்க் கேட்டேன். "ரெண்டு மணி நேரந்தான? நானே நிக்கிறேன், போகச் சொல்லு" என்றார். சாவி எது எது என்று அவருக்கு ஒருமுறை காட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பாய் விரிப்பது, டீ போடுவது எல்லாம் எங்கள் பொறுப்பு. வடைக்கு உங்கள் தம்பி உளுந்து மூட்டையே கொண்டு வந்து இறக்கிவிட்டார். பேச்சு மட்டும் நாங்கள் பேச மாட்டோம். அது நீங்கள்தான் பேச வேண்டும், மதினி.

மாரிச்செல்வி